டிப்பர் டிரெய்லரின் ஹைட்ராலிக் ஹோஸ் ஒழுகினால் நாமே மாற்றுவது எப்படி?

டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து டிரெய்லர் ஜாக்கிக்கு (தொட்டியைத் தூக்கும் சிலிண்டர்) போகும் கறுப்பு ஹோஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி நிமிர்கிறது, இரும்பில் உரசுகிறது, நாள் முழுக்க வெயிலில் காய்கிறது. என்றைக்காவது ஒழுகத்தான் செய்யும். கழற்றி மாட்டுவது இரண்டு ஸ்பேனர் வேலைதான். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றில்தான் உயிரே இருக்கிறது. அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒழுகும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள்

கார் டயரில் இருக்கும் காற்று 2 பார் சொச்சம். டிராக்டர் ஹைட்ராலிக்கில் பிரஷர் சாதாரணமாக 150 முதல் 200 பார் வரை போகும். ஊசித்துளை வழியாக அந்த வேகத்தில் பீய்ச்சும் ஆயில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே ஏறிவிடும். வெளியில் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், ஆரம்பத்தில் வலிகூட பெரிதாக இருக்காது. உள்ளே ஆயில் பரவிக்கொண்டிருக்கும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோடு உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சின்னக் காயமாகத்தான் தெரியும்.

இஞ்சினை நிறுத்தி ஹோஸைத் துடைத்துவிட்டாலே பாதி நேரம் ஈரம் வரும் இடம் பிடிபடும். இஞ்சின் ஓடும்போது பார்த்தே ஆகவேண்டுமென்றால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நீளமான அட்டைத் துண்டு ஒன்றைத் தள்ளி நின்று ஹோஸ் நெடுக நகர்த்துங்கள். ஆயில் அட்டையில் படும்.

ஈரம் நட்டில் மட்டும் இருந்தால், பிரஷரை இறக்கிவிட்டு நட்டை இறுக்கியோ ஓ ரிங்கை (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்) மாற்றியோ பாருங்கள். ரப்பர் உடம்பில் ஒழுகினாலும், ரப்பரும் இரும்பு முனையும் சேரும் இடத்தில் கசிந்தாலும், ரப்பர் உப்பியிருந்தாலும், உள்ளே இருக்கும் கம்பிவலை துருப்பிடித்து வெளியே தெரிந்தாலும் ஹோஸை மாற்றத்தான் வேண்டும். சைக்கிள் டியூபைச் சுற்றி கிளிப் போடும் வைத்தியம் இந்த பிரஷருக்கு ஒருநாளும் நிற்காது.

பிரஷரை இறக்குங்கள்

சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் தொட்டியை முழுதாகக் கீழே இறக்குங்கள். இஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஹைட்ராலிக் லிவரை மேலும் கீழும் பலமுறை அசைத்தால் உள்ளே தங்கியிருக்கும் பிரஷர் போய்விடும். ஆயில் ஆறும்வரை பொறுங்கள்.

தொட்டி தூக்கிய நிலையில் இறங்காமல் நிற்கிறதா? அப்படியானால் ஹோஸைத் தொடாதீர்கள். மொத்த எடையும் அந்த ஆயில்மேல்தான் நிற்கிறது. நட்டு தளர்ந்தால் தொட்டி விழும். கீழே யாரையும் விடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கழற்றுங்கள்

இணைப்பைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷாலும் டீசல் நனைத்த துணியாலும் துடைத்தெடுங்கள். உள்ளே போகும் மணல் பம்பைத் தின்றுவிடும், ஹோஸைவிட பம்புக்குப் பல மடங்கு செலவு. கீழே வாளி வைத்து, ஒரு ஸ்பேனரால் நிப்பிளை (நட்டு ஏறும் மரை முனை) பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்துங்கள். ஆயில் சொட்டினால் சரி. வேகமாகச் சீறினால் இன்னும் பிரஷர் இருக்கிறது, மறுபடி இறுக்கிவிட்டு லிவரை அசையுங்கள். கழற்றியதும் திறந்த வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் கட்டிவிடுங்கள்.

புது ஹோஸ் வாங்கும்போது

பழைய ஹோஸை முழுசாக, இரு முனைகளோடும் ஹோஸை வெட்டி முனைகளை பிரஸ் செய்து தரும் கடைக்கு எடுத்துப் போங்கள். மரையில் பிஎஸ்பி, ஜேஐசி, மெட்ரிக் என்று பல வகை உண்டு, எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஒன்று இன்னொன்றில் இரண்டு சுற்று ஏறினால்கூட அது பொருத்தம் ஆகாது, ஒழுகும்.

ஹோஸ்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 1எஸ்என் அல்லது ஆர்1 என்றால் உள்ளே ஒற்றைக் கம்பிவலை, 2எஸ்என் அல்லது ஆர்2 என்றால் இரட்டை. 3/8 இன்ச் ஹோஸில் 1எஸ்என் 180 பார் தாங்கும், 2எஸ்என் 330 பார். அரை இன்ச்சில் அதுவே 160-ம் 275-ம். டிப்பருக்கு நான் இரட்டை வலையைத்தான் சொல்வேன். உள்விட்டத்தை மட்டும் பழையதைப் போலவே வையுங்கள். வெட்டிய ஹோஸுக்குள் ரப்பர்த் தூள் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள்.

மாட்டுங்கள்

முதலில் விரலாலேயே மரை ஏற்றுங்கள். ஓ ரிங் இருந்தால் புதியது, கொஞ்சம் ஆயில் தடவி. கூம்பு வாய்க்கும் ஓ ரிங்குக்கும் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அங்கே ஆயிலைத் தடுப்பது மரை இல்லை, அழுந்திச் சேரும் கூம்போ ஓ ரிங்கோதான். டேப் துணுக்கு வால்வில் போய் அடைக்கும். இறுக்கும்போதும் இரண்டு ஸ்பேனர்தான். ஹோஸ்மேல் உள்ள எழுத்து வரிசை நேராகப் போகிறதா என்று பாருங்கள், சுருண்டு போனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் சீக்கிரம் போய்விடும். பிரஷர் ஏறும்போது ஹோஸ் சற்றுக் குறுகும் என்பதால் விறைப்பாகக் கட்டக்கூடாது. திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்ச்சி விட்டு, உரசும் இடத்தில் உறை போடுங்கள்.

காற்றை எடுங்கள்

தொட்டி இறங்கிய நிலையில் ஆயில் அளவைப் பாருங்கள். பல டிராக்டர்களில் கியர், பின் ஆக்சில், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான், அதனால் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, காலித் தொட்டியை மெதுவாகச் சில முறை தூக்கி இறக்குங்கள். காற்று வெளியேறும்வரை குலுங்கிக் குலுங்கித்தான் ஏறும். பிறகு நிறுத்தி, அளவு குறைந்திருந்தால் நிரப்புங்கள். மறுபடி இஞ்சினை ஓடவிட்டு, இணைப்புகளை அதே அட்டையால் தள்ளி நின்று சோதித்துப் பாருங்கள். முதல் சில லோடு அடித்த பிறகு, தொட்டியை இறக்கி இஞ்சினை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். வாளியில் சேர்ந்த ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாமல், கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.