பல் தேய்க்கும் தண்ணீர்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

குழாயின் வாய் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணீர்தான் என் பல்லிலும் காரை பிடிக்க வைக்கிறது" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குழாயில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடின நீர் காயும்போது விட்டுப்போகிற உப்பு அது. பல்லில் இறுகும் காரையோ பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதற்கு வேண்டிய சரக்கு முழுவதும் நம் எச்சிலிலேயே இருக்கிறது. சரியாகத் தேய்க்காமல் விட்ட கிருமிப் படலத்தில் எச்சிலின் உப்புகள் இறங்கிக் கெட்டியானால் அதுதான் காரை. கண்ணாடி முன் நின்று பாருங்கள்: கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும், மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கத்திலும்தான் அது அதிகம் பிடித்திருக்கும். எச்சில் சுரப்பிகளின் வாய்கள் அந்த இடங்களுக்குப் பக்கத்தில்தான் திறக்கின்றன. தண்ணீர்தான் காரணம் என்றால் எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி படிய வேண்டுமே!

இதைத் தவறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டால், தேய்க்கும் முறையை யாரும் திருத்திக்கொள்வதில்லை. கடின நீரில் பேஸ்ட் கொஞ்சம் குறைவாக நுரைக்கலாம். அதற்காகப் பேஸ்ட்டை இன்னும் நீளமாகப் பிதுக்கத் தேவையில்லை. படலத்தைப் பெயர்ப்பது பிரஷின் இழைகள், நுரை அல்ல. இரண்டு நிமிடம் பொறுமையாகத் தேய்த்தால் எந்தத் தண்ணீரிலும் பல் சுத்தமாகும்.

நாக்கையும் மீட்டரையும் நம்புவது

தண்ணீரால் பல்லுக்கு உண்மையிலேயே நடக்கக் கூடிய பெரிய விஷயம் அதில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, குடிநீரில் இருக்கும் அளவில் சுவையும் தெரியாது.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-ல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் போய்ச் சேர்ந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் நாளடைவில் வலுத்தது. ஆனால் அது இன்னதென்று தெரிய 1931 வரை ஆனது. சர்ச்சில் என்ற வேதியியலாளர் நுட்பமான பரிசோதனையில் ஃபுளோரைடைக் கண்டுபிடித்தார். அந்தக் கறை படிந்த பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை என்பதையும் மெக்கே கவனித்திருந்தார். அளவு மீறினால் கறை, அளவோடு இருந்தால் சொத்தைக்குத் தடுப்பு. அந்தப் பாடத்தை வைத்துத்தான் 1945-ல் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அளவாக ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது.

ஊரே குடித்த தண்ணீரில் இருந்த ஒன்றைக் கண்டுபிடிக்க அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வாயில் ஊற்றிப் பார்த்து "நல்ல தண்ணீர்" என்று நாம் சொல்வதற்கு என்ன அர்த்தம்?

டி.டி.எஸ். மீட்டரும் இங்கே உதவாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கும் என்று கணக்குச் சொல்லும் கருவி. எந்த உப்பு என்று சொல்லாது. ஃபுளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். மீட்டர் 300 என்று காட்டும் தண்ணீரில் அது 3 மில்லிகிராம் இருந்தாலும் எண்ணில் வித்தியாசம் தெரியாது. கிருமி இருந்தாலும் தெரியாது. கிணற்றுத் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ குடிக்கிற வீடென்றால், ஆய்வகத்தில் கொடுக்கும்போது "ஃபுளோரைடும் பாருங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அளவு அதிகம் என்று தெரிந்த பிறகு செய்கிற தவறு, கொதிக்க வைப்பது. கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும். ஃபுளோரைடு அப்படியே தங்கி, கொஞ்சம் செறிவுகூட ஆகும். சாதாரணக் கரி வடிகட்டியும் அதைப் பெரிதாகப் பிடிக்காது. நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கிவிடும்.

கவலை அதிகம் பட வேண்டியது சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகள். நிலைப்பற்களின் கெட்டியான மேலுறையான எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலம் ஏறத்தாழ 8 வயது வரை. கறை விழுவது அப்போதுதான். வளர்ந்தவர்களுக்குப் புதிதாக அந்தக் கறை வராது, ஆனால் மிக அதிக ஃபுளோரைடுள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு பாதிக்கப்படும். குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்கிவிடுவார்கள் என்பதால் 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் வீடுகளில் நடக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் ஃபுளோரைடு அநேகமாக இருக்காது. அதைக் குடித்துக்கொண்டே, ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டையும் வாங்கினால் பல்லுக்குக் காவல் எதுவும் மிஞ்சாது. ஆர்.ஓ. தண்ணீரால் பல்லுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அப்புறம் பேஸ்ட் ஒன்றுதான் துணை.

அந்தத் துணையையும் நாமே கழுவி விடுகிறோம். பெரியவர்களுக்கான பேஸ்ட்டில் ஃபுளோரைடு பெரும்பாலும் 1,000 முதல் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். தண்ணீரில் அது 1 என்று வைத்துக்கொண்டால்கூட, பேஸ்ட்டில் ஆயிரம் மடங்கு. தேய்த்து முடித்ததும் மூன்று நான்கு முறை கொப்பளித்தால் பல்லின் மேல் தங்க வேண்டியது குழியோடு போய்விடும். நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். முதல் சில நாள் வாய் வழவழவென்று இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

"விழுங்கவா போகிறோம்?"

குடிக்க வடிகட்டிய தண்ணீர், பல் தேய்க்க தொட்டித் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் அதிகம். தொட்டி சுத்தமாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வெள்ளம் வந்த பிறகு, குழாய் உடைந்த பிறகு, "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று அறிவிப்பு வந்த நாட்களில், பலரும் குடிப்பதற்கு மட்டும் கொதிக்க வைக்கிறார்கள். தேய்க்கும்போது கொஞ்சமாவது உள்ளே போகத்தான் செய்யும். காலராவுக்கும் டைஃபாய்டுக்கும் அது போதுமான வழி. நன்றாகத் தளதளவென்று 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் 3 நிமிடம் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஒரு ஜக்கில் ஊற்றி வாஷ்பேசின் பக்கத்திலேயே வையுங்கள். பிரஷை அலசவும் அதே தண்ணீர்தான். கைப்பழக்கத்தில் குழாயைத் திறந்துவிடுவோம் என்பதால், அந்த நாட்களில் குழாயின் தலையில் ஒரு துணியைக் கட்டி வைப்பது நல்லது.

பழைய கட்டடங்களில் இன்னொன்று. ஈயக் குழாயோ ஈயம் கலந்த இணைப்போ இருந்தால், இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரில் ஈயம் கரைந்திருக்கலாம். வெந்நீரில் அது இன்னும் வேகமாகக் கரையும். பல் கூச்சத்துக்காக வெந்நீர்க் குழாயில் கொப்பளிக்கிறவர்கள், குளிர்ந்த நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதைப் பிடித்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

இரும்புச் சத்து அதிகமான தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்திருந்தால் பழுப்பாக மாறும். சிலருக்குப் பல்லின் மேற்பரப்பில் அந்த நிறம் ஏறும். இது மேலோட்டமான கறைதான், பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். கரித்தூளையோ புளிப்பான எதையோ போட்டுத் தேய்த்தால் கறையோடு எனாமலும் தேயும்.

கடைசியாக, பிரஷ் வைக்கும் டம்ளர். ஒரு நாள் என் வீட்டு டம்ளரைத் தற்செயலாகக் கவிழ்த்தேன். அடியில் அரை விரல் தண்ணீர், அதன் கீழே சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான ஒரு படிவு. பிரஷின் பின்முனை மாதக்கணக்கில் அதில்தான் ஊறியிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் தேங்கினால் இப்படித்தான். இப்போது அடியில் ஓட்டை உள்ள தாங்கி வைத்திருக்கிறேன், பிரஷ் நிமிர்ந்து நின்று காற்றில் காய்கிறது. ஈரப் பிரஷுக்கு மூடி போடுவதில்லை. நீர் பீய்ச்சும் கருவி வைத்திருப்பவர்கள் அதன் தொட்டியையும் தினமும் கொட்டிக் காயவிட வேண்டும். பல்செட் மட்டும் விதிவிலக்கு: அது காய்ந்தால் வடிவம் மாறும், கொதிநீரில் போட்டால் கோணிக்கொள்ளும். இரவில் சுத்தமான, சாதாரண வெப்பமுள்ள தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.