பிரிட்டன் தேர்தல் கருத்துக்கணிப்புகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட் 15க்குள் நடந்தாக வேண்டும். பிரதமர் விரும்பினால் அதற்கு முன்பே நடத்தலாம். தேர்தல் எப்போது வந்தாலும் சரி, கருத்துக்கணிப்பு மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. 'நாளைக்கே தேர்தல் என்றால் உங்கள் ஓட்டு எந்தக் கட்சிக்கு?' என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் வண்ணப் பட்டைகளாக மாறி நம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அந்தப் பட்டைக்கும், பிரிட்டன் வாக்காளர் வாக்குச்சீட்டில் பென்சிலால் போடும் பெருக்கல் குறிக்கும் நடுவே நாலு இடத்தில் சறுக்கலாம். யாரைக் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், பதில் சொன்னவர் ஓட்டுப் போடப் போவாரா, அவர் எந்தத் தொகுதியில் குடியிருக்கிறார். செய்தித் தலைப்பு இந்த நாலையும் சொல்வதில்லை.

எதன் சதவீதம் என்று பார்க்காமல் விடுவது

பிரிட்டிஷ் கருத்துக்கணிப்புக் கவுன்சிலில் உறுப்பினராக இருக்கும் நிறுவனங்கள், ஒரு கணிப்பு வெளியான இரண்டு வேலை நாட்களுக்குள் முழு அட்டவணையையும் வெளியிட வேண்டும். யூகவ், இப்சோஸ், ஒப்பினியம், மோர் இன் காமன் எல்லாமே இதில் அடக்கம். அட்டவணையைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது 'தெரியாது', 'ஓட்டுப் போடமாட்டேன்', 'சொல்ல விருப்பமில்லை' என்ற மூன்று வரிகளை. தலைப்பில் வரும் சதவீதம் இவர்களைக் கழித்த பிறகு கணக்கிட்டது.

எடுத்துக்காட்டாக, 1,000 பேரிடம் கேட்டதில் 170 பேர் தெரியாது என்றும், 100 பேர் போடமாட்டேன் என்றும் சொல்லி, 30 பேர் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 700. அதில் 189 பேர் ஒரு கட்சியைச் சொன்னால் தலைப்பு '27% ஆதரவு' என்று வரும். கேட்ட ஆயிரம் பேரில் அது 19% கூட இல்லை. தெரியாது என்ற அந்த 170 பேர் முன்பு யாருக்குப் போட்டவர்கள் என்று அதே அட்டவணையில் பார்க்கலாம். ஆளுங்கட்சிக்குப் போட்டு இப்போது தயங்கி நிற்பவர்கள் அதில் அதிகம் என்றால், தேர்தல் நெருங்கும்போது ஒரு பகுதியினர் பழைய வீட்டுக்கே திரும்புவார்கள். சில நிறுவனங்கள் இதை முன்கூட்டியே ஊகித்து, தயங்குபவர்களைப் பங்கிட்டுச் சேர்க்கின்றன. சில நிறுவனங்கள் சேர்ப்பதில்லை. ஒரே வாரத்தில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சொல்வதற்கு இதுவே ஒரு முக்கியமான காரணம். மக்கள் மனம் மாறிவிட்டது என்று பொருள் இல்லை.

எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால், அந்த 700 பேர் கணக்கில் 27 என்பது 24 முதல் 30 வரை எதுவாகவும் இருக்கலாம். முதல் கட்சி 27, இரண்டாவது 20 என்றால் வித்தியாசம் 7. அந்த வித்தியாசத்துக்கான பிழை எல்லை மட்டும் சுமார் 5 புள்ளி. ஆகவே 'முன்னிலை மூன்று புள்ளி சரிவு' என்ற செய்தியைப் படித்து மூச்சு வாங்கத் தேவையில்லை. ஒரே நிறுவனத்தின் நாலைந்து கணிப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தால் அது நகர்வு. இந்த வாரம் ஒரு நிறுவனம், அடுத்த வாரம் வேறொரு நிறுவனம் என்று ஒட்டவைத்து 'அலை' கண்டுபிடிப்பதுதான் செய்தி அறைகளில் அன்றாடம் நடக்கும் தவறு.

இன்னொரு சின்ன விஷயம்: பெரும்பாலான கணிப்புகளில் வட அயர்லாந்து கிடையாது. அங்கே போட்டியிடும் கட்சிகளே வேறு. 2024இல் லேபர் கட்சி நாடு முழுவதும் எடுத்தது 33.7%, வட அயர்லாந்தை விட்டால் 34.7%. கணிப்பைச் சரிபார்ப்பவர்கள் இந்த இரண்டில் தப்பான எண்ணோடு ஒப்பிட்டு, இல்லாத ஒரு புள்ளிப் பிழையைக் கண்டுபிடிப்பது உண்டு.

கணிப்பு தவறினால் 'மக்கள் பொய் சொன்னார்கள்' என்பது

1992இல் கடைசிக் கணிப்புகள் லேபர் ஒரு நூலிழை முன்னே என்றன. ஜான் மேஜரின் கன்சர்வேட்டிவ் கட்சி ஏழரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அன்றிலிருந்து, கன்சர்வேட்டிவுக்குப் போடுபவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள் என்ற விளக்கம் வேரூன்றிவிட்டது. 2015இல் அதே கதை மீண்டும் நடந்தது. கடைசி நாள் வரை இரு கட்சிகளும் சமம் என்றன கணிப்புகள்; கன்சர்வேட்டிவ் ஆறரைப் புள்ளி முன்னே வந்து தனிப் பெரும்பான்மை பெற்றது.

அதன் பிறகு பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. 2016இல் வந்த அறிக்கை, மறைத்தார்கள் என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை என்றது. கோளாறு கேட்பதற்குத் தேர்ந்தெடுத்த மாதிரியிலேயே இருந்தது. கேட்கப்பட்டவர்களில் லேபர் வாக்காளர்கள் கூடுதல், கன்சர்வேட்டிவ் வாக்காளர்கள் குறைவு. இளைஞர்கள் என்று எடுத்துக்கொண்டவர்கள் அரசியலில் அதீத ஆர்வம் உள்ளவர்கள். எழுபது தாண்டிய முதியவர்கள் போதுமான அளவு இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானையைக் கிளறிய பிறகுதான் செல்லும். வயது, பாலினம், ஊர், கல்வி, முந்தைய ஓட்டு என்று எத்தனை எடை போட்டு (அதாவது, குறைவாக அகப்பட்ட பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து) சரிசெய்தாலும், கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்லும் பொறுமை உள்ளவர்தான் மாதிரிக்குள் வருகிறார். அவர் அண்டை வீட்டுக்காரரை விட அரசியலை அதிகம் கவனிக்கிறவர். இந்தச் சாய்வை எந்த எடையும் முழுதாக நீக்குவதில்லை.

அதே 2015இல் சர்வேஷன் நிறுவனத்தின் கடைசித் தொலைபேசிக் கணிப்பு கன்சர்வேட்டிவ் 37, லேபர் 31 என்று கிட்டத்தட்ட உண்மையையே காட்டியது. மற்ற எல்லோரிடமிருந்தும் விலகி நிற்கிறதே என்று தயங்கி நிறுவனம் அதை வெளியிடவில்லை. தேர்தல் முடிந்ததும் தாமாகவே அதைச் சொன்னார்கள். பத்துக் கணிப்புகள் ஒரே எண்ணைச் சொன்னால் பத்து மடங்கு உறுதி என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சராசரி எடுப்பது தற்செயல் பிழையைக் குறைக்கும். எல்லோரும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சராசரியும் கூடவே சாயும். 2024இல் லேபருக்குக் கடைசிச் சராசரி 39ஐ ஒட்டி இருந்தது, கிடைத்தது 34.7. ஆட்சி மாற்றம் பெரிதாக நடந்ததால் இந்தப் பிழை யார் கண்ணையும் உறுத்தவில்லை.

'போடுவேன்' என்பவரை எல்லாம் போட்டதாக எண்ணுவது

2024இல் பதிவான வாக்கு 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 2001க்குப் பிறகு இவ்வளவு குறைந்தது அதுவே முதல் முறை. சொந்த வீட்டில் இருக்கும் முதியவர் போவார். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர் போவது சந்தேகம் என்பது பழைய அனுபவம். ஆனால் அந்த அனுபவத்தையே சூத்திரமாக்கினாலும் அடி விழும். 2017இல் ஐசிஎம் நிறுவனம் 12 புள்ளி, காம்ரெஸ் நிறுவனம் 10 புள்ளி கன்சர்வேட்டிவ் முன்னிலை என்றன. இளைஞர்கள் சொல்வதை முந்தைய தேர்தல் கணக்கைக் காட்டி அவை வெட்டியிருந்தன. உண்மை முன்னிலை இரண்டரை. கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார்.

அடுத்த தேர்தலில் இந்தச் சிக்கல் கூடும். வாக்களிக்கும் வயதை 16 ஆக்குவதாக லேபர் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. பதினாறு, பதினேழு வயதினரில் எத்தனை பேர் சாவடிக்குப் போவார்கள் என்பதற்கு பிரிட்டன் முழுமைக்குமான பழைய கணக்கு எதுவும் இல்லை. எனவே ஒரு கணிப்பின் அட்டவணையில் '18 வயதுக்கு மேற்பட்டோர்' என்று இருக்கிறதா, '16' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சதவீதத்தை அப்படியே இடங்களாக்குவது

மிகப் பெரிய தவறு இதுதான்; இந்தியத் தேர்தல் பார்த்துப் பழகியவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். 650 தொகுதி, ஒவ்வொன்றிலும் முதலில் வருபவர் வெற்றி. 2019இல் லேபருக்கு சுமார் 1.03 கோடி ஓட்டு, 202 இடம். 2024இல் 97 லட்சம் ஓட்டு, 411 இடம். ஓட்டுக் குறைந்து இடம் இரட்டிப்பானது. காரணம், எதிரே இருந்த ஓட்டு கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் யூகே என்று பிளந்தது. லேபர் ஓட்டு தேவையான தொகுதிகளில் தேவையான அளவு விழுந்தது. அதே தேர்தலில் ரிஃபார்ம் 14.3 சதவீதத்துக்கு 5 இடம் பெற்றது. லிபரல் டெமாக்ரட் அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் எடுத்து 72 இடம் பெற்றது. ரிஃபார்மின் ஓட்டு எங்கும் மெலிதாகப் பரவியிருந்தது. லிபரல் டெமாக்ரட், தென் இங்கிலாந்தில் குறிவைத்த தொகுதிகளில் மட்டும் ஆளையும் துண்டறிக்கையையும் குவித்தது.

'நாட்டில் ஐந்து புள்ளி மாறினால் எல்லாத் தொகுதியிலும் ஐந்து புள்ளி மாறும்' என்ற பழைய கணக்கு இரு கட்சிக் காலத்துக்கு ஓரளவு சரி. இப்போது நாலைந்து கட்சிகள் 10 முதல் 30 வரை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது, 28% எடுத்து ஒருவர் தொகுதியை வெல்லலாம். வித்தியாசமும் மிகச் சின்னதாகலாம்: 2025 மே மாதம் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலை ரிஃபார்ம் ஆறே ஆறு ஓட்டில் வென்றது.

இதற்காகவே எம்.ஆர்.பி. என்ற முறை வந்தது. பத்தாயிரக்கணக்கானோரைக் கேட்டு, வயது, கல்வி, வீட்டு உரிமை போன்றவற்றை வைத்து ஒவ்வொரு தொகுதிக்கும் மதிப்பீடு செய்வார்கள். 2017இல் தொங்கு நாடாளுமன்றம் என்று யூகவ் சொன்னது இந்த முறையில்தான். நல்ல கருவி. ஆனால் உங்கள் தொகுதிக்கென்று அதில் வரும் எண், அங்கே போய்க் கேட்ட எண் இல்லை; அங்குள்ளவர்களைப் போன்ற மக்கள் வேறெங்கோ சொன்னதிலிருந்து கணக்கிட்டது. உள்ளூர் வேட்பாளரின் செல்வாக்கு, மூடப்பட்ட மருத்துவமனை, ஒரு வெளிநாட்டுப் போர் எழுப்பிய கோபம் அதில் சரியாக ஏறாது. 2024இல் காஸா விவகாரத்தால் லெஸ்டர் சவுத், பிளாக்பர்ன் போன்ற இடங்களில் சுயேச்சைகள் லேபரைத் தோற்கடித்தபோது பலர் வியந்தது அதனால்தான்.

பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்க, வெல்லும் வாய்ப்புள்ள வேறொரு கட்சிக்குப் போடும் தந்திர ஓட்டையும் கணிப்பு தாமதமாகவே பிடிக்கும். 2025 அக்டோபரில் கேர்ஃபிலியில் வேல்ஸ் சட்டமன்ற இடைத்தேர்தல். முன்கூட்டி வந்த தொகுதிக் கணிப்பு ரிஃபார்ம் சற்று முன்னே என்றது. அந்தச் செய்தியே ரிஃபார்மை விரும்பாதவர்களை வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரி பக்கம் ஒன்றுசேர்த்தது. பிளைட் 47, ரிஃபார்ம் 36 என்று முடிந்தது. லேபர் 11இல் நின்றது.

உட்பிரிவை ஊதிப் பெரிதாக்குவது

1,000 பேர் கணிப்பில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 85 பேர் இருப்பார்கள். பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் 11 புள்ளி வரை போகும். அதை வைத்து 'ஸ்காட்லாந்தில் எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) சரிவு' என்று எழுதக் கூடாது. பிரிட்டன் தமிழர் யார் பக்கம் என்ற கேள்விக்கு இன்னும் மோசம். 2,000 பேரில் இந்திய வம்சாவளியினரே அறுபது பேர் அளவில்தான் வருவார்கள்; அதில் தமிழர் விரல் விட்டு எண்ணும் எண்ணிக்கை. ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் தமிழரான உமா குமரன் வென்றது ஒரு தொகுதியின் முடிவு, சமூகத்தின் கணக்கு இல்லை. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், சட்டப்படி பிரிட்டனில் தங்கியிருந்தால் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். பதிவு செய்ய வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு வரை நேரம் உண்டு. சாவடிக்குப் புகைப்பட அடையாளம் வேண்டும்.

இடைக்கால மனநிலையைத் தீர்ப்பாக எடுப்பது

1981 டிசம்பரில் ஒரு கேலப் கணிப்பு எஸ்.டி.பி. (சமூக ஜனநாயகக் கட்சி)–லிபரல் கூட்டணிக்குப் பாதிக்கு மேல் ஆதரவு என்றது. 1983இல் கிடைத்தது 25%, 23 இடம். 2019 கோடையில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய பிரெக்சிட் கட்சி சில கணிப்புகளில் முதலிடம், டிசம்பரில் 2%. கன்சர்வேட்டிவ் வென்றிருந்த 317 தொகுதிகளில் அது போட்டியிடாமல் ஒதுங்கியதும் இதில் சேரும். 2025இல் வசந்த காலத்துக்குப் பின் பெரும்பாலான கணிப்புகளில் ரிஃபார்ம் முன்னணி. இதுவும் கரைந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. 1981ஐக் காட்டி அலட்சியம் செய்வதும் அதே தவறின் மறுபக்கம். தேர்தல் தொலைவில் இருக்கும்போது கட்சி ஓட்டு வரியை விட, யார் பிரதமராக வேண்டும், பொருளாதாரத்தை யாரிடம் கொடுக்கலாம் என்ற வரிகளுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். 2015க்கு முன் லேபர் ஓட்டுக் கணிப்பில் பல மாதம் முன்னே இருந்தபோதும் இந்த இரண்டிலும் பின்தங்கியே இருந்தது.

பிரச்சினைப் பட்டியலைப் படிக்கும்போது கேள்வியின் சொற்களைப் பாருங்கள். 'நாட்டின் முக்கியப் பிரச்சினை எது?' என்றால் குடியேற்றம் மேலே ஏறும். 'உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும்?' என்றால் விலைவாசி, மருத்துவச் சேவை மேலே வந்து குடியேற்றம் கீழே இறங்கும். இரண்டும் உண்மைதான், வேறு வேறு கேள்விகள். இப்சோஸ் 1974 முதல் பட்டியல் கொடுக்காமல், வாயில் வருவதைச் சொல்ல விட்டுக் கேட்கிறது. பட்டியல் காட்டி டிக் செய்யச் சொல்லும் கணிப்போடு அதை ஒப்பிட முடியாது.

வாக்குப்பதிவு நாளில்

பிபிசி, ஐடிவி, ஸ்கை சேர்ந்து நடத்தும் வாக்குக்கணிப்பு (எக்சிட் போல்) வேறு ரகம். சுமார் 130 சாவடிகளில், ஓட்டுப் போட்டு வெளியே வருபவரிடம் மாதிரி வாக்குச்சீட்டு கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். முடிந்தவரை போன தேர்தலின் அதே சாவடிகள், அப்போதுதான் மாற்றம் தெரியும். 2024இல் லேபருக்கு 410 இடம் என்றது. ஆனால் ரிஃபார்முக்குச் சொன்ன 13 இடம் 5 ஆனது. சின்னக் கட்சி எண்களை இரவு முழுவதும் சந்தேகத்தோடே பார்க்க வேண்டும். வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 10 வரை. பத்து மணிக்கு முன் அந்த முடிவை வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆகவே மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'எக்சிட் போல் வந்துவிட்டது' என்று ஒரு படம் வந்தால் அதை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.