அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய அடிமைமுறைப் பூசலைப் படிக்கும் முறை

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது, அது அடிமைமுறையால் மூண்டதா, ஒன்றிய அரசு தலையிடாமல் தம் விவகாரங்களைத் தாமே முடிவுசெய்யும் மாநில உரிமையை முன்னிட்டு மூண்டதா என்ற வழக்கைத்தான். அதைப் பிறர் தீர்ப்பைக் கொண்டு முடிவுசெய்யாமல், அக்காலத்துச் சட்டங்களையும் வாக்கெடுப்புகளையும் அறிவிப்புகளையும் கால வரிசையில் வைத்துத் தாமே முடிவுசெய்வது நல்லது.

முதலில் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, செனட் சபையின் இடக்கணக்கிலிருந்து தொடங்குங்கள். மக்கள்தொகை எவ்வளவாயினும் மாநிலத்துக்கு இரண்டு இடங்கள் என்பது விதி. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் அடிமைமுறை உள்ள மாநிலங்களும் 11, இல்லாதவையும் 11. மிசௌரி அடிமைமுறையோடு சேர முயன்றபோது இந்தச் சமநிலை ஆட்டங்கண்டது. 1820-ஆம் ஆண்டு உடன்பாடு மெய்ன் பகுதியைத் தனி மாநிலமாகச் சேர்த்து அதைச் சரிக்கட்டியதுடன், பிரான்சிடமிருந்து 1803-இல் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் மிசௌரி நீங்கலாக, 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடைசெய்தது. அக்கோட்டை வரைபடத்தில் வரைந்துகொண்டால், அடுத்த நாற்பது ஆண்டுப் பூசலில் பெரும்பகுதி, மேற்கே இனி உருவாகவிருந்த மாநிலங்களைப் பற்றியது என்பது விளங்கும்.

அடுத்து, வாக்கெடுப்புகளைப் படிக்கும்போது உறுப்பினரின் கட்சியை மட்டும் பாராமல், அவர் வடக்கரா தெற்கரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற 1846-ஆம் ஆண்டு வில்மட் திருத்தத்தில் ஜனநாயகக் கட்சி, விக் கட்சி ஆகிய இரு பெருங்கட்சிகளுமே பகுதிவாரியாகப் பிரிந்தன. அது பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. 1854-இல் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம், குடியேறியவர்களே முடிவுசெய்யட்டும் என்று சொல்லி 1820-ஆம் ஆண்டுக் கோட்டை அழித்தது. அதன்பின் விக் கட்சி சிதறியது, குடியரசுக் கட்சி எழுந்தது, கான்சஸில் இரத்தம் சிந்தியது. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கின் தீர்ப்பு, இன்னும் மாநிலமாகாத ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரமே காங்கிரசுக்கு இல்லை என்றது.

மாநில உரிமை என்ற வாதத்தை உரசிப்பார்க்க, 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைவிடச் சிறந்த ஆவணம் இல்லை என்பது என் கருத்து. ஆகவே இதில் நேரத்தைச் செலவிடுங்கள். பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணையும் கிடையாது. அவரை உரிமையாளரிடம் ஒப்படைக்க உத்தரவிட்டால் வழக்கைத் தீர்க்கும் ஒன்றிய ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். தேவைப்பட்டால் பொதுமக்களும் பிடித்துக்கொடுக்க உதவ வேண்டும். வடமாநிலங்கள் பலவும் இத்தகைய பிடிப்புக்குத் தடைபோடும் சட்டங்களை இயற்றின. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றே அறிவிக்க, 1859-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. இங்கே மாநில உரிமை பேசியது வடக்கு. ஒன்றிய அரசின் கரத்தை வலுப்படுத்தக் கோரியது தெற்கு.

அதன்பின் பிரிவினை அறிவிப்புகளை மூலத்திலேயே படியுங்கள். 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட அறிக்கை, வடமாநிலங்கள் தப்பியவர்களைத் திருப்பித் தரவில்லை என்றும், நியூயார்க் வழியே அடிமையைக் கொண்டுசெல்லும் உரிமைகூட மறுக்கப்பட்டது என்றும் முறையிடுகிறது. மிசிசிப்பியோ தன் நிலைப்பாடு அடிமைமுறையுடன் முற்றிலும் பிணைந்தது என்று வெளிப்படையாகவே எழுதியது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்கூட்டமைப்பின் அரசமைப்புச் சட்டம், அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டத்தை இயற்றக் கூடாதென்று தன் காங்கிரசுக்கே தடை விதித்தது. போருக்குப் பின் எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளைக் கடைசியில் படிப்பதே முறை. கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோற்றபின் அவரே அரசமைப்புக் கொள்கைகளைக் காரணமாக முன்னிறுத்தினார்.

தேதிகளில் ஓர் எச்சரிக்கை தேவை. லிங்கன் 1861 மார்ச் 4 அன்று பதவியேற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. மற்ற நான்கு மாநிலங்கள், தென் கரோலினாவில் ஒன்றியப் படையின் வசமிருந்த சம்டர் கோட்டை ஏப்ரல் 12 அன்று தென்கூட்டமைப்பால் தாக்கப்பட்ட பின்னரே பிரிந்தன. வர்ஜீனியாவின் மாநாடு ஏப்ரல் 4 அன்று பிரிவினையை நிராகரித்து, ஏப்ரல் 17 அன்று ஏற்றது. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகியவை அடிமைமுறையை வைத்துக்கொண்டே ஒன்றியத்தில் நீடித்தன. எனவே முதல் ஏழு, பின்வந்த நான்கு, நீடித்த நான்கு ஆகிய மூன்று தொகுதிகளுக்கும் காரணங்களைத் தனித்தனியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.