கூட்டத்துக்கு வராத நிலத்துக்காரரிடம் பேசுவது எப்படி

ஓடைக்கரையில் மரம் நட, மண் அரிப்பைத் தடுக்க என்று திட்டம் தயார், பணமும் தயார், ஆனால் கூட்டம் போட்டால் எப்போதும் வரும் அதே பத்துப் பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன்பு ஏதோ ஒரு திட்டத்தில் சேர்ந்து, வரவேண்டிய பணம் வராமல் நொந்துபோனவர் இருப்பார், கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தன் நிலத்தில் தானே கை வைக்க முடியாமல் போய்விடுமோ என்று பயப்படுபவர் இருப்பார், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கோ வேலை பார்ப்பவரும் இருப்பார். எல்லோருக்கும் ஒரே துண்டறிக்கையை நீட்டினால் எப்படி?

விதைப்பு, அறுவடை நாட்களில் போகாதீர்கள். வேலை ஓய்ந்த நேரத்தில், முன்கூட்டியே கேட்டுவிட்டு, அவர் நிலத்துக்கே போங்கள்.

எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, திட்ட விளக்கத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். நிலத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், சேர்ந்து நடக்கும்போது பேச்சு தானாக வரும். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, கரை எங்கே சரிகிறது, அவர் சின்ன வயதில் அந்த ஓடை எப்படி ஓடியது என்று கேளுங்கள். 'பல்லுயிர்ப் பெருக்கம்' எல்லாம் நம் அறிக்கைக்கு சரி. அவர் 'கரை கரையுது' என்றால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

திட்டத்தைப் பற்றி அவராகக் கேட்கும்போது பாதகத்தை முதலில் சொல்லுங்கள்: ஒப்பந்தம் எத்தனை வருஷம், நடுவில் விலக முடியுமா, நிலத்துக்குள் யார் வருவார்கள், பணம் எப்போது கைக்கு வரும். இதை மறைத்து ஒருவரைச் சேர்த்தால் அவர் பக்கத்து நிலத்துக்காரர்கள் அத்தனை பேரையும் இழப்பீர்கள்.

அந்தப் பக்கத்து நிலத்துக்காரர்தான் உண்மையில் உங்களைவிடப் பெரிய ஆள். அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோள விதை பரவிய விதத்தை ரயன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றிப் பலருக்கு முதலில் சொன்னது விற்பனையாளர்கள், ஆனால் போட்டுப் பார்க்கலாம் என்று துணிய வைத்ததில் அக்கம்பக்கத்து விவசாயிகளின் பேச்சுக்குத்தான் அதிகப் பங்கு. முதலில் துணிந்தவர்கள்கூட ஆரம்பத்தில் கொஞ்ச நிலத்தில்தான் விதைத்தார்கள். ஆகவே முழு ஓடைக்கரையையும் கேட்காமல் ஒரு துண்டைக் கேளுங்கள், ஏற்கெனவே செய்த ஒருவரின் நிலத்துக்குக் கூட்டிப்போங்கள், அங்கே நீங்கள் வாயைத் திறக்காமல் அவர்கள் இருவரையும் பேச விடுங்கள் (இது ரொம்பக் கஷ்டம், எனக்கும்தான்).

குத்தகை நிலம் என்றால் உரிமையாளரிடமும் பேசுங்கள், உழுபவரிடமும் பேசுங்கள். குடும்பத்தில் முடிவெடுப்பது வேறொருவராகவும் இருக்கலாம்.

வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் நடக்கும்போது ஒரு களையைக் காட்டி 'இது என்ன செடி?' என்று கேட்டிருப்பார் இல்லையா, அதற்குப் பதிலை அந்த வாரமே போனில் சொல்லுங்கள், அந்தப் போனில் திட்டத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.