ஸ்லோவில் நிற்காத பழைய கார்: மேனிஃபோல்டு ஏர் இழுத்தால் செய்யக் கூடாதவை

அவிநாசி ரோட்டில் 60-இல் போகும்போது பழைய அம்பாசிடர் ஒரு குறையும் காட்டாது. சிக்னலில் நின்றதும் நடுங்கும், ஆர்.பி.எம். ஏறி ஏறி இறங்கும், சில சமயம் அணைந்தே போகும். பானெட்டைத் திறந்தால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எங்கேயோ ஏர் இழுக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கும்போதுதான் இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்க்குள், வெற்றிடம் அதிகம். அதனால்தான் ஓட்டத்தில் தெரியாத ஓட்டை ஸ்லோவில் (ஐடிலில்) தெரிகிறது.

"ஏனுங்கண்ணா, ஐடிலைக் கொஞ்சம் ஏத்தி உட்டறட்டுங்களா?" என்று பட்டறையில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்க்ரூவைத் திருகினால் வண்டி அணையாமல் ஓடும், ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டுவது இன்னும் மோசம். ஏர் இழுக்கிற சிலிண்டர் காற்று மிகுந்த கலவையில் சூடாகும், மற்றவை கரி பிடிக்கும். அதற்குப் பதில் ப்ளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்டேக் வழிதான். பக்கத்துப் பக்கத்து ப்ளக்குகள் ஜோடியாக வெளுத்திருந்தால், அந்த வழியின் கேஸ்கட்டைத்தான் (மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டையைத் தேடுகிறேன் என்று தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுப் பீய்ச்சுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கொதிக்கிற எக்ஸாஸ்டில் பெட்ரோல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்ப்பதும் அதே விளையாட்டுத்தான். சோப்புத் தண்ணீர் போதும். ஐடிலில் ஓடவிட்டு, ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல் இணைப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். உஸ் சத்தமோ எஞ்சின் ஓட்டமோ எங்கே மாறுகிறதோ, அங்கேதான் கோளாறு.

மேனிஃபோல்டைக் கழற்றுவதற்கு முன் ஹோஸ்களைப் பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ், பிரேக் பூஸ்டர் (பெடலை லேசாக்கும் கருவி) இருந்தால் அதன் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். எதைப் பிடித்தால் ஐடில் மாறுகிறதோ, அதில் வெடிப்பு இருக்கலாம். பூஸ்டர் ஹோஸ் ஏர் இழுத்தால் பிரேக் பெடலும் கல்லாக இறுகும். அதோடு கோத்தகிரி ரோட்டில் இறங்கிவிடாதீர்கள்.

வேக்குவம் கேஜ் (மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் மீட்டர்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கடல் மட்டத்தில் ஐடிலில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) வரை காட்டும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும். கோயமுத்தூரில் ஒன்றரை இன்ச் வரை குறைவது சகஜம். 7,000 அடிக்கு மேல் இருக்கிற ஊட்டியில் 12 காட்டினால் மேனிஃபோல்டைக் கழற்ற ஓடாதீர்கள்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எஞ்சின் நன்றாக ஆறட்டும். பழைய கேஸ்கட்டை ஹாக்ஸா பிளேடால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் கோடு விழும், ஏர் இழுக்க அது போதும். ஹெட்டின் துளைகளில் துணியை அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், எடுக்கவும் மறக்காதீர்கள். புது கேஸ்கட்டின் மேல் சிலிகான் பேஸ்ட் பூசுவது இங்கே பலருக்குக் கை வந்த பழக்கம். சாதாரண பேஸ்ட்டைப் பெட்ரோல் இளக்கிவிடும், பிசிறு உள்ளே போகும். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். ஸ்பேனரில் பைப்பை மாட்டிக்கொண்டு முடுக்கினால் ஃப்ளாஞ்ச் (முடுக்கும் விளிம்பு) வளையும், இல்லை ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) கையோடு வரும்.

முகம் வளைந்திருக்கிறதா என்று நேரான ஸ்கேலை வைத்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அடியில் விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது, பேஸிங் போட வேண்டும், அதாவது முகத்தை மெஷினில் சமமாகச் சீவ வேண்டும். பம்ப்செட் ஊரான கோயமுத்தூரில் அதற்குப் பட்டறையா இல்லை? அம்பாசிடர் மேனிஃபோல்டு என்றால் இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ஒன்றாக முடுக்கியபடியே கொடுங்கள். தனித்தனியாகப் பேஸிங் போட்டால் இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் சேராது.