தானத்துக்குக் குரோஷே பின்னுகிறவர்களுக்கு, சென்னை நங்கநல்லூரிலிருந்து சில குறிப்புகள்

2017 மே மாதம். அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. குரோஷே கொக்கி ஊசியால் நான் பின்னிய, குழந்தைகளுக்கான 42 தொப்பிகளைக் கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டு நகரத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனேன். தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதமும் எனக்கு அந்தத் தொப்பிகள்தான் வேலை. வார்டில் இருந்த சிஸ்டர் ஒரு தொப்பியை எடுத்து உள்பக்கம் திருப்பினார். பின்னல் ஓட்டைக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "அம்மா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது உல்லன். இங்க ஃபேன் மட்டும்தான். இந்த வெயில்ல இதைப் போட்டா குழந்தைக்குத் தலை பூரா வேர்க்குரு வந்துடும்" என்றார். ஐந்து தொப்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சம் 37ஐயும் தூக்கிக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறினேன். பழவந்தாங்கல் வரும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அந்த சிஸ்டர் சொன்ன சில வார்த்தைகளால்தான் இன்றுவரை பின்னிக்கொண்டிருக்கிறேன். "எடை கம்மியாப் பொறக்குற குழந்தைங்களுக்குத்தான் தொப்பி கிடைக்கலம்மா. தலை ஒரு பெரிய சாத்துக்குடி அளவுதான் இருக்கும். காட்டன்ல போடுங்க. கயிறு வேண்டாம், குஞ்சம் வேண்டாம், ஓட்டை வேண்டாம். வெந்நீர்ல போட்டா தாங்கணும்." ரயிலில் உட்கார்ந்து பயணச்சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் புதிதாக இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்றால் ஊசியை எடுப்பதற்கு முன்னால் போனை எடுங்கள். எந்த இடத்துக்குக் கொடுக்கப் போகிறீர்களோ, அங்கே தினமும் அந்தப் பொருளைக் கையாளப்போகிற ஆளிடம் பேசுங்கள். நிர்வாகியிடம் பேசினால் "எது கொடுத்தாலும் சந்தோஷம்" என்பார். வார்டு சிஸ்டரோ, இல்லத்தில் துணி துவைக்கும் அம்மாவோதான் உண்மையைச் சொல்வார்கள். ஃபேனா ஏ.சி.யா, எந்த அளவு, மாதத்துக்கு எத்தனை போதும், யார் துவைப்பார்கள், எப்படித் துவைப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய இடங்களில் எல்லாத் துணியும் ஒன்றாகக் கொதிநீரில் போகும். அசல் கம்பளி அதில் சுருங்கிக் கட்டியாகிவிடும். அக்ரிலிக் சூட்டில் தொய்ந்து, பிறகு பழைய உருவத்துக்குத் திரும்பவே திரும்பாது. பருத்தி தாங்கும். நான் எந்தப் புது நூலிலும் முதலில் ஒரே ஒரு தொப்பி போடுவேன். அதைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, மொட்டைமாடியில் காயவைத்துப் பார்ப்பேன். சாயம் போகிறதா, அளவு குறைகிறதா என்று தெரிந்த பிறகுதான் அடுத்த உருண்டையைப் பிரிப்பேன்.

நூல் வாங்கப் பாரிமுனைக்குப் போகிறேன். பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் நூல், லேஸ் விற்கும் மொத்த வியாபாரக் கடைகள் இருக்கின்றன. கடைக்காரரிடம் "உல்லன்" என்று கேட்டால் அக்ரிலிக்தான் எடுத்துப் போடுவார். "காட்டன், 4 ப்ளை" (நாலு இழை முறுக்கிய பருத்தி நூல்) என்று சொல்லிக் கேளுங்கள். லேபிளில் டை லாட் எண் ஒன்று இருக்கும், எந்தத் தடவை சாயமேற்றிய நூல் என்பதற்கான எண் அது. ஒரே நிறத்தில் இரண்டு உருண்டை வாங்கினால் இரண்டிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்வையின் பாதியில் நிறம் மாறிவிடும். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியாது.

தெரிந்தவர்கள் மிச்சம் மீதி நூலைப் பையோடு கொண்டுவந்து தருவார்கள். மனதாரத் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத நூலை மட்டும் சோதிக்காமல் குழந்தைப் பொருளுக்குப் போடாதீர்கள். ஒரு விரல்கடை நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகும் நாற்றம் என்றால் கம்பளி. உருகிக் கடினமான மணியாக உறைந்தால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல்.

எடை குறைந்த குழந்தையின் தொப்பியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கங்காரு பராமரிப்பில் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக வைப்பார்கள். உடம்பில் தொப்பி, காலுறை, அரைத்துணி மட்டும்தான் இருக்கும். அந்தச் சின்ன உடம்பின் சூட்டில் நிறையத் தலைவழியே வெளியேறிவிடும். அதனால் அங்கே தொப்பிக்கு உண்மையான வேலை இருக்கிறது.

முறை இது. பின்னல் கண்களின் பெயர்களை அமெரிக்க வழக்கில் சொல்கிறேன். நான் கான்வென்ட் பள்ளியில் ஏழாம் வகுப்பில் கற்றது பிரிட்டிஷ் வழக்கு. அதில் டபுள் என்னும் கண் அமெரிக்கக் கணக்கில் சிங்கிள், உயரம் குறைந்த கண். அது தெரியாமல் இணையத்தில் அமெரிக்க பேட்டர்னை (பின்னல் செய்முறையை)ப் பார்த்துப் போட்ட என் முதல் போர்வை நினைத்ததில் பாதி உயரம்தான் வந்தது. எந்த பேட்டர்னைத் தொடங்கினாலும் அது எந்த ஊர் வழக்கு என்று முதலில் பாருங்கள்.

4 மி.மீ. ஊசி, 4 ப்ளை பருத்தி. மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையத்தில்) 8 ஹாஃப் டபுள், அதாவது சிங்கிளுக்கும் டபுளுக்கும் நடுவான உயரமுள்ள கண். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 16. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 8 கண் கூட்ட வேண்டும்: 24, 32, 40. சிறிய தொப்பிக்கு 40இல் நிறுத்துங்கள். நிறைமாதக் குழந்தைக்கு இன்னொரு சுற்று போட்டு 48இல் நிறுத்துங்கள். இப்போது தட்டையான வட்டம் ஒன்று கையில் இருக்கும். 48 கண்ணுக்கு அதன் குறுக்களவு சுமார் 4 அங்குலம் வந்தால் சரி. பெரிதாக இருந்தால் ஊசியை 3.5க்கு மாற்றுங்கள், கையை இறுக்கிப் போடாதீர்கள், விரல் வலிதான் மிஞ்சும். இனிமேல் கூட்டாமல் சுற்றிக்கொண்டே போங்கள். உச்சியிலிருந்து விளிம்புவரை சின்னதற்கு 4 அங்குலத்துக்குச் சற்று மேல், பெரியதற்கு 5 முதல் 5½ அங்குலம். கடைசிச் சுற்றைத் தளர்வாகப் போடுங்கள், நெற்றியில் அச்சு விழக்கூடாது. நூல் முனையை மூன்று திசையில் ஊசியால் உள்ளே இழுத்துச் செருகுங்கள். வெறும் முடிச்சுப் போட்டு வெட்டினால் நாலு துவைப்பில் அவிழ்ந்து, அந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும். பொத்தான், மணி, ரிப்பன் எதையும் வைக்காதீர்கள். ஒரு தொப்பிக்கு எனக்கு 25 கிராமிலிருந்து 30 கிராம் நூல் ஆகிறது.

முடித்ததும் வாசனையில்லாத சோப்பில் துவையுங்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் பருத்தி விறைத்துவிடுகிறது. கடைசி அலசலுக்குக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் பிடித்து வைத்துக்கொள்வேன். அந்துருண்டை போட்டு வைக்கவே கூடாது.

துவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கம் பல வீடுகளில் பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் ஆகும்வரை குழந்தைக்குக் கோடித்துணி போடமாட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். ஒரு முறை நான் நீட்டிய தொப்பியை ஒரு பாட்டி வாங்க மறுத்துவிட்டார். "கோடி ஆகாதும்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. "மூணு தடவை துவைச்சுட்டேன் பாட்டி, கோடி இல்ல" என்றதும் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தொப்பிகளைத் துவைத்து, பிளாஸ்டிக் உறை போடாமல், பழைய பருத்தித் துணியில் கட்டிக் கொடுக்கிறேன். கறுப்பு நூலைத் தொடுவதில்லை.

போர்வைக்கு வருவோம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் பின்னியதைச் சேர்த்து ஆனது அது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் என் தெருவில் ஆறு பேர் சேர்ந்தோம். ஆளுக்கு ஆறு சதுரம், ஒவ்வொன்றும் 6 அங்குலம். 36 சதுரம் சேர்ந்தால் முதியோர் இல்லத்தில் மடியில் போட்டுக்கொள்ள 36 அங்குலப் போர்வை ஒன்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வந்து சேர்ந்த சதுரங்களில் ஒன்று 5½, ஒன்று 6¾. இணைத்தபோது நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது. பிரித்துப் போடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு கல்யாணப் பத்திரிகை அட்டையில் 6 அங்குலச் சதுரம் வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பின்னியதை அதன்மேல் வைத்துப் பார்த்து அவரவரே ஊசி அளவை மாற்றிக்கொண்டார்கள். கூட்டாகச் செய்வதென்றால் அட்டையை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

முதியோர் இல்லத்துக்கு நான் அக்ரிலிக்தான் போடுகிறேன். எடை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்திப் போர்வை மூன்று நாள் ஆனாலும் காயாது. ஓரத்தில் குஞ்சம் வைக்காதீர்கள், சக்கர நாற்காலியில் சிக்கும். பெரிய ஓட்டையுள்ள பின்னலில் கால்விரல் மாட்டும். நிறமும் முக்கியம். ஒரு இல்லத்தில் எண்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் பேபி பிங்க்கே கொண்டு வரா. எனக்கு அரக்குல ஒண்ணு போட்டுத் தரியாம்மா, கல்யாணப் புடவை கலர்ல?" என்று கேட்டார். அரக்கு நூல் தேடிப் பாரிமுனையில் இரண்டு நாள் அலைந்தேன். அந்தப் போர்வையைப் பின்னிய மூன்று வாரம் எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது.

வேறொரு இடத்தில் நான் இரண்டு மாதம் பின்னிய போர்வை வாசலில் கால்மிதியாகக் கிடந்ததையும் பார்த்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அதற்குப் பிறகு முதல் முறை போகும் இடத்துக்கு இரண்டே பொருள் கொடுக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன். பயன்படுகிறது என்று தெரிந்தால் அடுத்தது.

கீமோ எடுப்பவர்களுக்கான தொப்பியை என் அக்காவிடமிருந்து கற்றேன். சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் அவளுக்கு முடி கொட்டியது. வெளியே போனால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். தொப்பி அவளுக்கு ராத்திரிக்குத்தான் வேண்டியிருந்தது. முடியில்லாத தலைக்கு ஃபேன் காற்றே குளிரும். மெல்லிய பருத்தி நூல், உள்ளே தையல் மேடு இருக்கக்கூடாது, சுற்றளவு தலையைவிட 3 முதல் 5 செ.மீ. குறைவு. பூ வைக்க நினைத்தால் பக்கவாட்டில் வைக்காதீர்கள், படுக்கும்போது குத்தும்.

குரோஷேயில் பின்னும் ஆக்டோபஸ் பொம்மையைப் பற்றி அடிக்கடிக் கேட்கிறார்கள். குறைமாதக் குழந்தைகள் அதன் கால்களைப் பிடித்துக்கொள்வதற்காக 2013இல் டென்மார்க்கில் தொடங்கியது அது. முழுப் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தாலும் கால் 22 செ.மீ. தாண்டக்கூடாது. குழந்தைப் பிரிவு மருத்துவர் எழுத்தில் சம்மதம் தந்தாலொழிய நான் போடமாட்டேன்.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வலது கட்டைவிரல் மூட்டில் வலி வந்து 2019இல் இரண்டு மாதம் ஊசியைத் தொட முடியவில்லை. இப்போது அரைமணிக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். ஊசியின் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருக்கிறேன். பென்ஷனில் நூலுக்கென்று மாதம் 600 ரூபாய், அதற்கு மேல் இல்லை. "சும்மாத்தானே பின்றீங்க ஆன்ட்டி, எனக்கும் ஒரு ஹேண்ட்பேக்" என்று கேட்பவர்களிடம், "நூல் வாங்கிக் குடும்மா, வார்டு வேலை முடிஞ்சதும் போட்டுத் தரேன்" என்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து அதே சிஸ்டர் ஒரு நாள் என்னைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். "சில குழந்தைங்க வீட்டுக்குப் போறதில்லம்மா. அதுங்களைச் சுத்திக் குடுக்க எங்ககிட்ட கட்டுத்துணிதான் இருக்கு. சின்னதா, வெள்ளையா ஏதாவது போட முடியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து போடுகிறேன். 30 செ.மீ. சதுரம், வெள்ளைப் பருத்தி, வெறும் ஹாஃப் டபுள், ஓரத்தில் ஒரு சுற்று. மருமகள் உண்டாகியிருந்த மாதங்களில் வீட்டில் வைத்துப் பின்னவில்லை. ரயிலிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து பின்னினேன். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் என்னால் முடியாது. யாருக்கும் முடியாது என்று நினைக்கிறேன். இதை எடுத்துச் செய்ய நினைப்பவர்கள் தனியாகச் செய்யாதீர்கள், முடித்ததும் பேச ஒரு ஆள் இருக்கட்டும். அந்தச் சதுரங்களையும் மற்றவை போலவே மெட்ரோ தண்ணீரில் அலசி, மடித்துக் கொடுக்கிறேன்.

என்னென்ன வேண்டும் என்று இந்த மாதத்துக்கான சீட்டு வார்டிலிருந்து நேற்று வந்தது. 28 செ.மீ. சுற்றளவுத் தொப்பி 10, 32 செ.மீ. 6, வெள்ளை 2. வெள்ளை நூல் அரை உருண்டைதான் இருக்கிறது. வியாழக்கிழமை காலை பாரிமுனைக்குப் போக வேண்டும்.