மூன்று நாளில் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை

முதலில் தேதியை உறுதி செய்யுங்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் சந்தை முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வெள்ளியன்று தொடங்கி டிசம்பர் 24 வரை நடக்கும். 25, 26 தேதிகளை நம்பிப் போனால் மூடிய கடைகள்தான் மிச்சம். சனி, ஞாயிறு மாலையில் நெரிசல் தாங்காது. செவ்வாய், புதன் நல்லது. நான்கரை மணிக்கே இருட்டிவிடும், அதனால் ஊர் சுற்றுவதைப் பகலில் முடித்துவிட்டு, விளக்கு ஏறியதும் சந்தைக்குள் நுழையுங்கள்.

ஒரே ஹோட்டலில் தங்கி, அருகிலுள்ள பாம்பெர்க், ரோத்தன்பர்க் ஊர்களுக்கு ரயிலில் போய்வருவதே வசதி. பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் ரயில் சீட்டான பயர்ன் டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர் வரை போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இதைக் கவனிக்காமல் ஏறித்தான் பலர் அபராதம் கட்டுகிறார்கள். ரோத்தன்பர்க் போக வழக்கமாக அன்ஸ்பாக், ஸ்டைனாக்கில் ரயில் மாற வேண்டும். திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சில்லறை யூரோ அவசியம். சூடான மசாலா ஒயின் வாங்கும்போது கோப்பைக்கும் முன்பணம் பிடிப்பார்கள்; திருப்பித் தந்தால் அது கிடைக்கும். மது வேண்டாதவர்கள் கிண்டர்புன்ஷ் என்ற மதுவில்லாத சூடான பழச்சாறு பானம் கேட்கலாம். பன்னுக்குள் மூன்று சின்ன சாசேஜ் வைத்துத் தருவதைத் தவறவிடாதீர்கள். கல் பாவிய தரையிலிருந்து குளிர் ஏறும்: தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, கம்பளிக் காலுறை கட்டாயம்.